பத்து வருட அனுபவத்தோடு வேறு துறைக்கு: சிங்கப்பூரில் துறை மாறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பல வருடம் ஒரே துறையில் இருந்துவிட்டு வேறு துறைக்குப் போக நினைப்பவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் இரண்டு. முதலில் வேலையை விட்டுவிட்டு, அப்புறம் வழி தேடுகிறார்கள். அடுத்து, பழைய அனுபவத்தை ஏதோ குறைபோல ஒளித்துவைத்து, நேற்றுதான் படித்து முடித்தவர்போல விண்ணப்பம் போடுகிறார்கள். முதல் தவறு கையிருப்பைத் தின்றுவிடும். இரண்டாவது தவறால், 24 வயதுப் பட்டதாரியோடு அவருடைய களத்தில், அவருடைய சம்பளத்துக்குப் போட்டி போட வேண்டிவரும். அங்கே நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள். அவரிடம் இல்லாத சரக்கு உங்களிடம் இருக்கிறது. அதை எடுத்து வைக்கும் வேலைதான் கீழே வருவது.

ஆரம்பம் முதல் புது நாற்காலியில் உட்காரும்வரை ஆறு முதல் ஒன்பது மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வரிசைப்படி படிக்கலாம். வேலை அனுமதியில் இருப்பவர்கள் 6ஆம் படியை முதலில் படித்துவிடுங்கள். உங்களுக்குக் கணக்கே வேறு.

1. ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலை எடுத்து வையுங்கள்

"துறை மாறுவது" என்று நாம் சொல்வதில் இரண்டு மாற்றங்கள் கலந்திருக்கின்றன. செய்கிற வேலை மாறுவது ஒன்று, அதைச் செய்கிற இடம் மாறுவது இன்னொன்று. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் உங்கள் அனுபவத்தில் பிடிமானமாக எதுவும் மிஞ்சாது. ஒன்றை மாற்றி, மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டால் சம்பளமும் பெரிதாக இறங்காது, நேர்காணலில் பேசவும் விஷயம் இருக்கும்.

சில உதாரணங்கள்: ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருந்தவர் மருத்துவமனையில் நோயாளி சேவைப் பிரிவுக்குப் போவது. வேலை அதே, இடம் வேறு. வங்கி முகப்பில் இருந்தவர் அதே வங்கியின் மோசடிக் கண்காணிப்புப் பிரிவுக்குப் போவது. இடம் அதே, வேலை வேறு. கட்டுமானத் தளக் கண்காணிப்பாளர் கட்டடப் பராமரிப்பு நிர்வாகத்துக்குப் போவது இரண்டுக்கும் நடுவில். கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர், பாதுகாப்பு மென்பொருள் விற்கும் நிறுவனத்தில் வாடிக்கையாளர் பயிற்சிக்குப் போனால், வாங்குபவர் பேசும் மொழி அவருக்கு ஏற்கெனவே தெரியும். மென்பொருளைக் கற்றுக்கொள்ள சில வாரம் போதும். பட்டறையைக் கற்றுக்கொள்ள வருடக்கணக்காகும்.

இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும் என்றால், உதாரணமாகக் கணக்காளர் தாதியாக, விற்பனையாளர் பாலர் பள்ளி ஆசிரியராக, அங்கே உரிமம் குறுக்கே நிற்கும். சிங்கப்பூர்த் தாதிமை வாரியத்தில் பதியாமல் தாதியாக வேலை செய்ய முடியாது. பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கு பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பின் சான்று தேவை. இந்த வகை மாற்றங்களில் உங்கள் பழைய அனுபவம் படிப்புக் காலத்தைக் குறைக்காது. படித்து முடித்து வேலைக்குப் போன பிறகுதான் அது கைகொடுக்கும். இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் ஏமாற்றம் இல்லை.

2. அனுபவத்தைச் சில்லறையாக மாற்றுங்கள்

அதிகம் உழைக்க வேண்டியது இங்கேதான். இரண்டு வார இறுதிகளை ஒதுக்குங்கள்.

"உணவக மேலாளர், 8 ஆண்டு" என்பது ஆயிரம் வெள்ளி நோட்டு மாதிரி. கையில் இருக்கும், ஆனால் சின்னக் கடையில் மாற்ற முடியாது. தளவாட நிறுவனத்தில் விண்ணப்பங்களை வடிகட்டும் மனிதவள அதிகாரிக்கு உணவகம் என்றால் சாப்பாடு, அவ்வளவுதான். நீங்கள்தான் உடைத்துக் கொடுக்க வேண்டும்.

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் நீங்கள் உண்மையில் செய்தது, பதவிப் பெயர் வேண்டாம். இரண்டாவதில் அளவு: எத்தனை பேர், எவ்வளவு பணம், எத்தனை நாளுக்கு ஒருமுறை. மூன்றாவதில் அது தப்பாகப் போனபோது என்ன செய்தீர்கள் என்பது. பெரும்பாலோர் மூன்றாவது பத்தியைக் காலியாக விடுவார்கள். நேர்காணலில் ஓடுவது முக்கால்வாசி அந்தப் பத்திதான்.

அந்த உணவக மேலாளரின் தாள் இப்படி இருக்கலாம்:

பணி அட்டவணை: 14 பேர், இரண்டு ஷிஃப்ட். வாரத்துக்கு 44 மணி நேரம், மாதத்துக்கு 72 மணி நேர ஓவர்டைம் என்ற இரு சட்ட வரம்பையும் மீறாமல் ஆள் ஒதுக்கியது. இரண்டு பேர் ஒரே நாளில் மருத்துவ விடுப்பு எடுத்தபோது எப்படிச் சமாளித்தீர்கள் என்பது மூன்றாவது பத்தி.

சரக்கு: வாரம் 6,000 வெள்ளிக்குக் கொள்முதல், ஐந்து விநியோகிப்பாளர்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற ஒழுங்கு. குளிர்பெட்டி பழுதான அன்று எதைக் காப்பாற்றினீர்கள், எதைத் தூக்கிப் போட்டீர்கள், யாருக்கு எழுதினீர்கள்.

சோதனை: சிங்கப்பூர் உணவு அமைப்பு அதிகாரிகள் முன்னறிவிப்பின்றி வரும்போது காட்ட வேண்டிய பதிவேடுகளை நாள்தோறும் வைத்தது.

இப்போது இதே ஆள் கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கும் போகலாம், மருத்துவமனை உணவுச் சேவைப் பிரிவுக்கும் போகலாம், முதியோர் இல்ல நிர்வாகத்துக்கும் போகலாம். மூன்று இடத்திலும் ஷிஃப்ட் உண்டு, காலாவதி உண்டு, தணிக்கை உண்டு.

அடுத்த வேலை, அரசின் வேலை விளம்பரத் தளமான மைகேரியர்ஸ்ஃபியூச்சரில் நீங்கள் போக நினைக்கும் வேலைக்கான 15 விளம்பரங்களை எடுப்பது. அங்கே ஒவ்வொரு விளம்பரத்திலும் சம்பள வரம்பு போட்டிருக்கும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், 4ஆம் படியில் வேண்டும். பதினைந்திலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பட்டியலிட்டு, உங்கள் மூன்று பத்தியோடு பொருத்துங்கள். நீங்கள் "ஸ்டாக் எடுக்கிறது" என்று சொன்னது அங்கே "இருப்புச் சரிபார்ப்பு" என்றிருக்கும். இரண்டும் ஒன்றுதான். ஆனால் வடிகட்டும் மென்பொருளுக்கும், அவசரத்தில் இருக்கும் அதிகாரிக்கும் அது தெரியாது. அவர்கள் சொல்லையே நீங்கள் எழுதுங்கள். பத்துக்கு ஆறு பொருந்தினால் விண்ணப்பிக்கலாம். மூன்றுகூடப் பொருந்தவில்லை என்றால் 1ஆம் படிக்குத் திரும்புங்கள்.

எது பயணம் செய்யும், எது செய்யாது என்பதிலும் தெளிவு வேண்டும். விதிமுறைக்குள் வேலை செய்த பழக்கம், பணத்துக்குப் பொறுப்பு, கோபமாக வரும் ஆளைச் சமாளித்தது, விநியோகிப்பாளரிடம் பேரம், மேலதிகாரிக்குக் கெட்ட செய்தியை நேரத்துக்குச் சொன்னது, இவை எங்கேயும் செல்லும். பதவிப் பெயர் செல்லாது. பழைய நிறுவனத்துக்கென்றே எழுதிய மென்பொருளில் இருந்த தேர்ச்சி செல்லாது. "சீனியர்" என்ற சொல் நிச்சயமாகச் செல்லாது. அதை வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது.

3. ஐந்து பேரோடு ஒரு கோப்பி

பணம் கட்டி எந்த வகுப்பிலும் சேரும் முன், அந்த வேலையில் இப்போது இருக்கும் ஐந்து பேரோடு ஆளுக்கு அரை மணி நேரம் பேசுங்கள். கோப்பிக் கடையில் இரண்டு கோப்பி செலவு. வேலை கேட்காதீர்கள், கேட்டால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். கேட்க வேண்டியவை: நேற்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள்? புதிதாக வருபவர் எந்த மாதத்தில் விட்டுப் போகிறார், ஏன்? வெளித்துறையிலிருந்து வந்த யாராவது இங்கே நிலைத்திருக்கிறார்களா? எந்தச் சான்றிதழை உங்கள் மேலாளர் உண்மையிலேயே பார்க்கிறார்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஐந்து பேரின் பதிலையும் எழுதி வையுங்கள். பல ஆயிரம் வெள்ளியை மிச்சப்படுத்தும் கேள்வி அது.

ஆள் தெரியாது என்றால், அரசு வேலைவாய்ப்பு அமைப்பான வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூரின் கேரியர்ஸ் கனெக்ட் நிலையங்களிலும், ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகத்தில் இருக்கும் தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியின் வேலை உதவி நிலையமான இ2ஐயிலும் வேலை ஆலோசகர்கள் இருக்கிறார்கள். இந்தியர் சமூக உதவி அமைப்பான சிண்டாவிடமும் கேட்கலாம். ஆலோசகரைப் பார்க்கப் போகும்போது 2ஆம் படியின் தாளைக் கொண்டு போங்கள். வெறுங்கையோடு போனால் பொதுவான அறிவுரைதான் கிடைக்கும். அதில் அவர் தப்பு ஒன்றுமில்லை.

4. கணக்கு

சம்பளம் குறையும் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கெங்கே குறையும் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

40 வயதுக்காரர் ஒருவர், இப்போதைய சம்பளம் 5,200 வெள்ளி, புது வேலையில் 3,900 என்று வைப்போம். ஓய்வுக்கும் வீட்டுக்குமான கட்டாயச் சேமிப்பான மத்திய சேம நிதிக்கு ஊழியர் பங்கு 20 விழுக்காடு போனால், கையில் வருவது 4,160இலிருந்து 3,120ஆக இறங்கும். மாதம் 1,040 வெள்ளி பள்ளம். இதுவரை எல்லோரும் போடும் கணக்கு.

இனி, பார்க்காமல் விடும் கணக்கு. 35 வயதைத் தாண்டி 45 வரை, நிறுவனத்தின் பங்கையும் சேர்த்து, சம்பளத்தில் 21 விழுக்காடு சேம நிதியின் சாதாரணக் கணக்குக்குப் போகும். 5,200க்கு அது 1,092 வெள்ளி. 3,900க்கு 819 வெள்ளி. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுத் தவணை மாதம் 1,000 என்று சாதாரணக் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தால், முன்பு மிச்சம் இருந்தது, இப்போது மாதம் 181 வெள்ளி துண்டு விழும். கணக்கில் பழைய சேமிப்பு இருக்கும்வரை தெரியாது. அது தீர்ந்த மாதம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். இடையில் மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தால் சேம நிதிக்கு எதுவுமே வராது, ஆனால் தவணை நிற்காது. அரசின் மின் அடையாளமான சிங்பாஸ் வழியாக உங்கள் இருப்பை இன்றே பாருங்கள்.

வரி அடுத்த பொறி. வருமான வரி போன வருடச் சம்பளத்துக்குப் போடப்படுகிறது. பழைய சம்பளத்துக்கான வரி, புதுச் சம்பளம் வாங்கும் வருடத்தில் வந்து நிற்கும். கைரோ என்ற வங்கித் தானியங்கிக் கழிவில் 12 மாதத் தவணை, வட்டி கிடையாது. முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் அவசரம் அதிகம். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடியும். அரசின் அடிப்படைக் காப்பீடான மெடிஷீல்டு லைஃப் தொடரும். ஆனால் அதற்கு மேல் தனியார் ஒருங்கிணைந்த திட்டம் இதுவரை எடுக்கவில்லை என்றால், வேலையில் இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று ஏற்கெனவே இருந்தால் காப்பீட்டு நிறுவனம் யோசிக்கும். அந்தப் பதில் வரும் முன் ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள்.

கையிருப்பு எவ்வளவு வேண்டும் என்றால், மேலே உள்ள ஆளுக்கு: 18 மாதப் பள்ளம் 18,720 வெள்ளி, அதோடு மூன்று மாத முழு வீட்டுச் செலவு. இது இல்லாமல் மாறவே கூடாது என்று சொல்லவில்லை. இல்லையென்றால் பகுதிநேரப் படிப்பு, வேலையை விடாத வழி என்று போங்கள்.

5. அரசு உதவி: எது யாருக்கு, எந்த வரிசையில்

திட்டங்களின் பெயர்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும். குழம்பாமல் இருக்க ஒரே கேள்வி போதும்: முதலில் வேலையா, முதலில் படிப்பா?

*முதலில் வேலை:* வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம், சுருக்கமாக சிசிபி. வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர் நடத்துகிறது. நிறுவனம் உங்களை முதலில் வேலைக்கு எடுக்கும், சம்பளம் கொடுத்துக்கொண்டே பயிற்சி தரும். பயிற்சிக் காலத்தில் உங்கள் சம்பளத்தில் 70 விழுக்காடு வரை அரசு நிறுவனத்துக்கு ஈடுகட்டும். 40 வயது அல்லது அதற்கு மேற்பட்ட குடிமக்களுக்கும், ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலையில்லாமல் இருந்த குடிமக்களுக்கும் 90 விழுக்காடு வரை. இரண்டுக்கும் மாத உச்சவரம்பு உண்டு. திட்டம் குடிமக்கள், நிரந்தரவாசிகள் இருவருக்கும் பொருந்தும். வயது 21 ஆகியிருக்க வேண்டும், படிப்போ தேசிய சேவையோ முடித்து இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும்.

40 வயதைத் தாண்டியவர்கள் இதை நன்றாகக் கவனியுங்கள். வயதைச் சொல்லக் கூச்சப்படும் இடத்தில், அந்த வயதுதான் உங்களை எடுக்கும் நிறுவனத்துக்குச் செலவைக் குறைக்கிறது. சிறு நிறுவன முதலாளிகளில் பலருக்கு இது தெரியாது. இரண்டாம் நேர்காணலில் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.

பொறிகள்: இதற்கு விண்ணப்பிப்பது நிறுவனம், நீங்கள் அல்ல. வேலையில் சேர்ந்து சில மாதம் கழித்து நினைவு வந்து கேட்டால் வாய்ப்புப் போயிருக்கும். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். நீங்கள் ஏற்கெனவே செய்துவந்ததைப் போன்ற வேலைக்கு இது கிடையாது. முதலாளி உறவினர் என்றாலும் கிடையாது. பயிற்சிக்குப் பிறகு இத்தனை மாதம் இருந்தே ஆக வேண்டும் என்ற ஒப்பந்தப் பிணை இருந்தால், நடுவில் போனால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற எண்ணை எழுத்தில் வாங்குங்கள்.

*முதலில் படிப்பு:* அரசின் திறன் வளர்ப்பு இயக்கமான ஸ்கில்ஸ்ஃபியூச்சரின் வாழ்க்கைத்தொழில் மாற்றப் பயிற்சி, சுருக்கமாக எஸ்சிடிபி. முதலில் படிப்பு, பிறகு வேலை தேட உதவி. சில மாதம் முதல் ஒரு வருடம் வரை, முழுநேரமும் பகுதிநேரமும் உண்டு. கட்டணத்தில் 70 விழுக்காடு வரை கழிவு, 40 வயது ஆகிவிட்ட குடிமக்களுக்கு 90 விழுக்காடு வரை. "வேலை தேட உதவி" என்பதற்கு வேலை உத்தரவாதம் என்று அர்த்தம் இல்லை. போன அணியில் எத்தனை பேருக்கு, எந்த வேலை, எத்தனை மாதத்தில் கிடைத்தது என்று பயிற்சி நிலையத்தைக் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த நிலையத்துக்குப் போங்கள்.

மீதிக் கட்டணத்துக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகை இருக்கிறது. 25 வயது ஆகிவிட்ட குடிமக்களுக்கு 500 வெள்ளி, 40 வயது ஆகிவிட்டவர்களுக்கு 2024 மே முதல் கூடுதலாக 4,000 வெள்ளி. இந்த 4,000க்குக் காலாவதி கிடையாது, ஆனால் எல்லா வகுப்புக்கும் செல்லாது. தேர்ந்தெடுத்த பாடங்களுக்கு மட்டும்தான். மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் அந்தப் பாடத்தின் பக்கத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சிறப்புத்தொகைக்கான கோரிக்கையை வகுப்பு தொடங்கும் நாளுக்குள் சமர்ப்பிக்க வேண்டும். படித்து முடித்துவிட்டுக் கேட்டால் வராது.

சிறப்புத்தொகையைக் காட்டி, "இந்த வகுப்பில் சேருங்கள், பாதியை ரொக்கமாகத் திருப்பித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் அது மோசடி. மாட்டுவது நீங்களும்தான். சிங்பாஸை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

40 வயது ஆகிவிட்ட குடிமக்கள் அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் படிப்பில் சேர்ந்தால், கடைசி 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 300 முதல் 3,000 வெள்ளி வரை, பயிற்சிப் படியாகக் கிடைக்கும். வாழ்நாளில் 24 மாதம் வரை. மேலே சொன்ன 5,200 வெள்ளிக்காரருக்கு மாதம் 2,600. இரண்டாவது சம்பளம் வரும் வீட்டில் இதை வைத்துத் தள்ளலாம். ஒற்றைச் சம்பள வீட்டில் கஷ்டம்.

கடைசியாக, வேலை தேடுவோருக்கான ஸ்கில்ஸ்ஃபியூச்சர் ஆதரவு. 2025 ஏப்ரலில் தொடங்கியது. ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை: முதல் மாதம் 1,500, பிறகு 1,250, 1,000, அதற்குப் பின் மூன்று மாதம் 750. சராசரி வருமானம் 5,000 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கு. இதில்தான் மிகப் பெரிய பொறி இருக்கிறது. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல், உடல்நலக் காரணம் போன்று உங்கள் விருப்பமில்லாமல் வேலை போனால்தான் இது கிடைக்கும். துறை மாறலாம் என்று நீங்களாக ராஜினாமா செய்தால் ஒரு வெள்ளிகூட இல்லை. ஆட்குறைப்பு வரப்போகிறது என்ற பேச்சு அலுவலகத்தில் அடிபட்டால், ராஜினாமாக் கடிதத்தை ஒரு மாதம் மேசைக்குள்ளேயே வையுங்கள்.

6. வேலை அனுமதியில் இருப்பவர்கள்

மேலே சொன்ன மானியங்கள் உங்களுக்குக் கிடையாது. நிபுணர்களுக்கும் மேலாளர்களுக்குமான வேலை அனுமதி எம்பிளாய்மெண்ட் பாஸ். அது உங்கள் பெயரில் இருந்தாலும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது. புது நிறுவனம் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 105 வெள்ளி, பாஸ் வழங்க 225 வெள்ளி. அது நிறுவனத்தின் செலவு. உங்களிடம் கேட்டால் அந்த நிறுவனத்தைப் பற்றி யோசியுங்கள்.

துறை மாறுபவருக்கு இங்கே ஒரு சுவர் இருக்கிறது. குறைந்தபட்சத் தகுதிச் சம்பளம் வயதோடு ஏறும். 2025 நிலவரப்படி இளையவர்களுக்கு 5,600 வெள்ளி, படிப்படியாக ஏறி 45 வயதில் 10,700. நிதித்துறையில் இன்னும் அதிகம். இந்த வரம்பு அவ்வப்போது உயர்த்தப்படுகிறது. ஆகவே 43 வயதில், "கற்றுக்கொள்ளும் காலத்துக்குக் குறைந்த சம்பளம் போதும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னால், அந்தப் பெருந்தன்மையே பாஸைத் தடுத்துவிடும். சம்பளத்தைத் தாண்டினாலும் 2023 செப்டம்பர் முதல் கம்பாஸ் என்ற புள்ளி முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். மனிதவள அமைச்சின் தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. புது நிறுவனத்தோடு சம்பளம் பேசும் முன் அதில் போட்டுப் பாருங்கள்.

கல்வித் தகுதிக்கான புள்ளி வேண்டுமென்றால் சரிபார்ப்புச் சான்று தேவை. தமிழகப் பல்கலைக்கழகப் பட்டம் என்றால் தற்காலிகச் சான்றிதழோடு நிற்காமல், பட்டமளிப்புச் சான்றிதழும் எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கிறதா என்று இப்போதே பெட்டியைத் திறந்து பாருங்கள். பெயரின் முன்னெழுத்து கடவுச்சீட்டில் விரிந்தும் சான்றிதழில் சுருங்கியும் இருப்பது நம் ஆட்களுக்கே உரிய தலைவலி. சரிபார்ப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

பழைய நிறுவனம் நீங்கள் விலகும்போது ஐஆர்21 படிவத்தில் வரித்துறைக்குத் தெரிவித்து, வரி முடியும்வரை உங்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் பிடித்து வைக்கும். இதற்கு ஒரு மாதம் ஆகலாம். கடைசி மாதச் சம்பளத்தை நம்பி வீட்டு வாடகை பேசாதீர்கள். புது பாஸுக்குக் கொள்கை அளவில் அனுமதி வந்த பிறகே ராஜினாமா. வாய்மொழி உறுதியை நம்பிக் கடிதம் கொடுப்பது, ஏணியைப் பிடிக்க ஆளில்லாமல் தென்னை மரம் ஏறுவதற்குச் சமம்.

7. விண்ணப்பமும் நேர்காணலும்

ரெசுமே இரண்டு பக்கம். மேலே நான்கு வரியில் எங்கிருந்து எங்கே போகிறீர்கள், எது பொதுவானது என்று சொல்லுங்கள். 2ஆம் படியின் தாளில் பொருந்திய ஆறு விஷயங்களை எண்ணோடு அடுத்து வையுங்கள். வருட வாரியான வேலைப் பட்டியல் அதற்குக் கீழே போகட்டும். மாறாக வைத்தால், படிப்பவர் முதல் பதவிப் பெயரைப் பார்த்ததும் மூடிவிடுவார். தளங்களில் நூறு விண்ணப்பம் தட்டிவிடுவதைவிட, கோப்பி குடித்த ஐந்து பேர் வழியாகப் போகும் மூன்று விண்ணப்பம் தூரம் போகும். மென்பொருள் உங்களை வடிகட்டிவிடும், ஆள் வடிகட்டுவதற்கு முன் ஒரு கேள்வியாவது கேட்பார்.

மூன்று கேள்விகள் நிச்சயம் வரும். ஏன் மாறுகிறீர்கள் என்பதற்கு, பழைய துறையைத் திட்டாமல், புது வேலையின் ஒரு குறிப்பிட்ட பணியைச் சொல்லிப் பதில் தாருங்கள். சம்பளம் குறையுமே என்பதற்கு, எத்தனை மாதத்துக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எண்ணைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறும். உங்களைவிட இளையவருக்குக் கீழே வேலை செய்வீர்களா என்பதற்கு, "பரவாயில்லை" என்பது பதில் ஆகாது. இளையவர் ஒருவரிடம் நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைத் தயாராக வைத்திருங்கள்.

8. விலகும் நாள்

எழுத்தில் வேலைக் கடிதம் வந்து, பயிற்சித் திட்டம் இருந்தால் அதுவும் உறுதியான பிறகு ராஜினாமா. ஒப்பந்தத்தில் அறிவிப்புக் காலம் எழுதியிருந்தால் அதுதான். எழுதாமல் விட்டிருந்தால் வேலைவாய்ப்புச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைந்த சேவைக்கு ஒரு நாள், 2 வருடத்துக்குள் ஒரு வாரம், 5 வருடத்துக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம். கடிதம் கொடுத்த நாளும் கணக்கில் சேரும்.

மிச்ச விடுப்பை வைத்து முன்கூட்டிப் போவதில் இரண்டு விதம் உண்டு. அறிவிப்புக் காலத்திலிருந்து விடுப்பு நாட்களைக் கழித்துக்கொண்டால் கடைசி நாள் முன்னே வரும், அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அறிவிப்புக் காலத்திலேயே விடுப்பு எடுத்தால் சம்பளம் உண்டு, ஆனால் கடைசி நாள்வரை நீங்கள் பழைய நிறுவனத்தின் ஊழியர். அனுமதியில்லாமல் புது வேலையில் உட்கார முடியாது. எதைக் கேட்கிறீர்கள் என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். 13ஆம் மாதச் சம்பளம் வருடக் கடைசியில் வேலையில் இருப்பவருக்கு மட்டும் என்று ஒப்பந்தம் சொன்னால், நவம்பரில் போவது மடத்தனம்.

அலுவலகக் கணக்கு மூடப்படும் முன் எடுத்து வைக்க வேண்டியவை: கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதங்கள், பணிச் சான்று, பயிற்சிச் சான்றிதழ்கள், இரண்டு மேலாளர்களின் தனிப்பட்ட கைபேசி எண். வாடிக்கையாளர் பட்டியலையும் நிறுவனக் கோப்புகளையும் தொடாதீர்கள். அனுபவம் உங்களுடையது, கோப்பு அவர்களுடையது.

9. முதல் மூன்று மாதம்

சோதனைக் காலம் பெரும்பாலும் மூன்று மாதம். முதல் மாதம் ஒரு குறிப்பேட்டில் புரியாத சுருக்கெழுத்துகளை எழுதி, நாளுக்கு ஒருவரிடம் கேட்டுத் தீர்த்துவிடுங்கள். நான்காவது மாதத்தில் கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்பார்கள், முதல் மாதம் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"எங்க பழைய ஆபிஸ்ல இப்படித்தான் செய்வோம்" என்ற வாக்கியத்தை முதல் மாதம் வாயே திறக்காமல் விழுங்குங்கள். அங்கே ஏன் வேறு மாதிரி செய்கிறார்கள் என்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும், ஒரு விதியோ, பழைய விபத்தோ. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்ட பிறகு, இரண்டாம் மாதத்தில், சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஷிஃப்ட் கைமாற்றும் குறிப்பு, இருப்புப் பட்டியல், புகார் பதிவு, ஏதாவது ஒன்று. உங்கள் பழைய துறையில் அதைச் செம்மையாகச் செய்திருப்பீர்கள். மேலாளரிடம் இரண்டு வாரம் முயன்று பார்க்க அனுமதி கேளுங்கள். முன்பு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு என்று எழுதி வையுங்கள்.

சோதனைக் காலம் முடியும் கூட்டத்துக்கு அந்தத் தாளையும், வேலைக் கடிதத்தின் நகலையும் கொண்டு போங்கள். உறுதியான பின் சம்பளம் எப்போது மறுபரிசீலனை செய்யப்படும் என்ற மாதத்தைக் கேட்டு, அன்று மாலையே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.